புதுப்பனி விழுந்த மறுநாளே லிஃப்ட் இல்லாத மலையில் சறுக்கலாமா?

கேள்வி: பனிச்சறுக்கு ரிசார்ட்டின் கடினமான தடங்களில்கூட தடுமாறாமல் சறுக்குகிறோம். நண்பர்கள் மூவர், சனி ஞாயிறு இரண்டு நாளும் முதல்முறையாக லிஃப்ட் இல்லாத மலைப்பகுதிக்குப் போகிறோம். வெள்ளி இரவு 30 செ.மீ. பனி பொழியுமாம். எப்படித் தயாராவது?

பதில்: போகலாம். ஆனால் சனிக்கிழமை 30 டிகிரிக்குக் குறைந்த சரிவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் ஆசையாகக் காத்திருக்கும் அந்த 30 செ.மீ.தான் ஆபத்தும். ஒரே இரவில் அவ்வளவு பாரம் ஏறும்போது, அடியில் ஒரு வலுவற்ற அடுக்கு இருந்தால் மேற்பனி பாளமாகப் பெயர்ந்துவிடும். காற்றும் சேர்ந்துகொண்டால், காற்று மறைவான பக்கத்தில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு குவிந்து கிடக்கும்.

பாளப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. சறுக்குவதற்குச் சுகமான சாய்வும் அதுவேதான். உயிர் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்புவது அதில் சிக்கியவரோ, அவருடைய குழுவினரோதான். பனிச்சரிவு அறிக்கையில் ஐந்து நிலைகள் இருக்கும். மூன்று என்றால் ‘நடுத்தரம்தானே’ என்று நினைத்துவிடாதீர்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான்.

நீங்கள் நிற்கும் இடம் 25 டிகிரியாக இருப்பது மட்டும் போதாது. தலைக்கு மேலே 38 டிகிரி சரிவு இருந்தால் கீழிருந்தே அதைப் பெயர்த்துவிட முடியும். ஆகவே வரைபடத்தில் உங்கள் பாதையை மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ளதையும் பாருங்கள். நடக்கும்போது பனி ‘வும்ஃப்’ என்று அமுங்கினாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, பக்கத்தில் புதிய பனிச்சரிவின் தடம் தெரிந்தாலோ செங்குத்தான சரிவை ஞாயிறன்றும் மறந்துவிடுங்கள். வலுவற்ற அடுக்கு ஒரே நாளில் தேறிவிடாது.

நேரக் கணக்கு: தூரத்தைக் கிலோமீட்டரிலும், ஏற்றத்தை நூறு மீட்டருக்கு ஒன்று என்றும் எடுத்துக் கூட்டி நான்கால் வகுங்கள். 6 கி.மீ. தூரம், 800 மீட்டர் ஏற்றம் என்றால் 14-ஐ நான்கால் வகுக்க, மூன்றரை மணி நேரம். இதில் ஓய்வு சேராது. ஸ்கின்னை (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டையை) கழற்றி இறங்கத் தயாராவதற்குப் புதியவர்கள் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஒதுக்கவேண்டும்.

புதியவர்கள் நாளைத் தொலைப்பது பெரும்பாலும் அங்கேதான். ‘பின்’ (pin) பைண்டிங்கின், அதாவது பூட்ஸ் முனையை ஊசிகளால் பிடித்து ஸ்கீயோடு இணைக்கும் பூட்டின், முன்பகுதிக்கு அடியில் பனி இறுகினால் கொக்கிகள் மூடியதுபோலத் தெரியும், இரண்டாவது திருப்பத்தில் கழன்றுவிடும். குச்சி முனையால் அந்தப் பனியைச் சுரண்டுங்கள். பூட்ஸ் முனையின் இரு துளைகளிலும் இருக்கும் ஐஸையும் எடுங்கள். குதிகாலை மாட்டும் முன் காலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஏறும்போது பூட்டிய முன் லிவரை இறங்கும் முன் விடுவிக்க மறந்தால், விழும்போது ஸ்கீ கழலாது. முழங்கால் போகும், பனிச்சரிவில் சிக்கினாலோ அதே ஸ்கீ நங்கூரமாகி உங்களை உள்ளே இழுக்கும்.

கழற்றிய ஸ்கின்கள் பைக்குள் அல்ல, ஜாக்கெட்டுக்குள் போகட்டும். பசை குளிர்ந்தாலோ பனி ஒட்டினாலோ அடுத்த ஏற்றத்தில் உரிந்து வரும். அப்படி உரிந்தால் கட்ட ஆளுக்கு இரண்டு ரப்பர் ஸ்ட்ராப் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பிப் பெறும் கருவி), குறைந்தது 240 செ.மீ. நீள ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் கம்பி), உலோக மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். நின்றுபோன பனிச்சரிவுப் பனி இறுகிவிடும். பிளாஸ்டிக் மண்வாரி உடையும். டிரான்ஸ்சீவரிலிருந்து கைபேசியை 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் வையுங்கள். சந்தேகமான சரிவில் ஒருவர் மட்டும் இறங்கட்டும். மற்ற இருவரும் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைப் பார்த்தபடி இருக்கட்டும். மரங்களுக்கிடையே மட்டும் இடைவெளியைக் குறையுங்கள்: மரத்தடியிலுள்ள தளர்ந்த பனிக்குழியில் தலைகீழாக விழுந்தவர் தானாக வெளியேறுவது அரிது.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், பிறகு அது மளமளவெனக் குறையும். உதவிக்குழு அதற்குள் வந்து சேராது, தோண்டப்போவது நீங்கள்தான். அதனால் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டே கிளம்புங்கள். வெள்ளி மாலை ஒரு பையில் டிரான்ஸ்சீவரைப் போட்டு ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துத் தேடிப் பாருங்கள். ப்ரோப் முனை பையைத் தொட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால், இந்த வாரம் ரிசார்ட்டிலேயே சறுக்குங்கள்.