லிஸ்டின் தலையை யார் பிடித்திருக்கிறார்கள்? ஹாஸ்கெல் நிரல்மொழிக் கேள்வி-பதில்

ஒரு கோடி எண்களின் சராசரியை ஒரே வரியில் எழுதினேன்: கூட்டுத்தொகை வகுத்தல் எண்ணிக்கை. மெமரி ஒரு ஜீபியை நெருங்குகிறது. லேசி மொழி தேவையானதை மட்டும்தானே கணக்கிடும்? (வெள்ளவத்தை வாசகர்)

கணக்கிடுவது தேவையானதைத்தான். ஆனால் ஒரே லிஸ்டை இரண்டு முறை கேட்கிறீர்கள். கூட்டும் 'சம்' கடைசிவரை நடந்து முடிக்கும்வரை, எண்ணும் 'லெங்த்' தன் முறைக்காக லிஸ்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் கடந்துபோன கண்ணிகளைக்கூட (ஓர் உறுப்பை அடுத்ததோடு கோக்கும் துண்டுகள்), பயன்படாத மெமரியை மீட்கும் குப்பை சேகரிப்பானால் அள்ள முடியாது. 64 பிட் ஜீஎச்சீயில், அதாவது ஹாஸ்கெல் தொகுப்பியில், ஒரு கண்ணிக்கு 24 பைட், அதிலுள்ள எண்ணுக்கு 16. ஒரு கோடிக்கு 400 எம்பி. சேகரிப்பான் நகலெடுத்துச் சுத்தம் செய்வதால் அந்நேரம் இன்னொரு மடங்கு வேண்டும்.

ஒரே நடையில் இரண்டையும் எண்ணுங்கள். அதற்கு, லிஸ்டை ஒருமுறை நடந்து விடையைச் சேர்த்துக்கொண்டே போகும் 'ஃபோல்ட்-எல்-பிரைம்' ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் பலர் விழும் குழி இங்கேதான்: கூட்டையும் எண்ணிக்கையையும் ஒரு சோடியாக வைத்தால், அது சோடியின் வெளி ஓட்டை மட்டுமே மதிப்பிடும். உள்ளே ((0+1)+2)+3 என்று கூட்டாமலே நீண்டுகொண்டு போகும், புறக்கோட்டைக் கடைக்காரர் கடன் கொப்பியில் மொத்தம் போடாமல் வரி வரியாக எழுதுவதுபோல. சோடியின் இரு பெயர்களுக்கு முன்னாலும் ஆச்சரியக்குறி போடுங்கள், அதாவது 'உடனே மதிப்பிடு' என்று சொல்லும் பேங் பேட்டர்ன். லிஸ்ட் எவ்வளவு நீண்டாலும் மெமரி ஏறாது.

தமிழ்ச் செய்திகளில் சொற்களை எண்ணும் நிரல். அதே அளவு எழுத்துகள் உள்ள ஆங்கிலக் கோப்பைவிட ஏன் அதிகம் விழுங்குகிறது? (கொட்டாஞ்சேனை மாணவி)

நல்ல கவனிப்பு. 'ஸ்ட்ரிங்' என்பது எழுத்துகளின் லிஸ்ட். முதல் 256 குறியீடுகளுக்கு ஜீஎச்சீ பொதுப் பிரதிகள் வைத்திருக்கிறது. ஆங்கிலம் அதற்குள் அடங்கிவிடும். தமிழ் யுனிகோடில் 2944க்கு மேலே இருக்கிறது, அதனால் ஒவ்வொரு குறிக்கும் தனியாக 16 பைட். 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து, யுனிகோடுக்கு ஐந்து குறி. கண்ணியோடு சேர்த்துக் குறிக்கு 40, மொத்தம் 200 பைட்! 'டெக்ஸ்ட்' நூலகத்தின் 2.0 பதிப்பு யுடிஎஃப்-8 (தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்) என்பதால் எழுத்துகளுக்கு 15 பைட்தான், அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் சிறு தலைப்புச் செலவு. ஒன்று மறக்க வேண்டாம்: வெட்டியெடுத்த சொல் மூல உரை முழுவதையும் பிடித்திருக்கும். சொல்-எண்ணிக்கை அகராதியில் போடுமுன் 'காப்பி' செய்யுங்கள்.

பகா எண் லிஸ்டுக்கு நிரலின் மேல்மட்டத்தில் (எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே) பெயர் வைத்தேன். மெமரி இறங்கவே இல்லை. (தெமட்டகொடை வாசகர்)

அந்தப் பெயரைத் தொடும் நிரல் பகுதி மிச்சமிருக்கும்வரை இறங்காது. உள்ளீடு வாங்கும் ஃபங்ஷனாக மாற்றுங்கள். வேகப்படுத்தும் '-ஓ' போட்டுத் தொகுத்தால் ஜீஎச்சீ ஃபங்ஷனுக்குள் இருக்கும் லிஸ்டை மறுபடி மேலே தூக்கி வைக்கவும் கூடும். ஆகவே நிரலை '+ஆர்டிஎஸ் -எஸ்' கொடுத்து ஓட்டி, ஒரே நேரத்தில் பிடித்துவைத்திருந்த அதிகபட்சத் தரவைக் காட்டும் 'மேக்ஸிமம் ரெசிடென்சி' வரியைப் பாருங்கள்.