செவ்வாயா, வெள்ளியா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வரலாறு எடுக்கிறேன். போன வாரம் இரண்டாம் உலகப் போர் பாடம். பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கட்டுமே என்று, சர்ச்சில் 1940 ஜூன் 4-ல் பேசிய 'கடற்கரைகளில் போரிடுவோம்' பேச்சை மொபைலில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "நாடே சோர்ந்து கிடந்தது, இந்தக் குரலைக் கேட்டுத்தான் எழுந்தது" என்று முன்னுரை வேறு. முடிந்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பையன், "சார், இதக் கேட்டா சண்டைக்குப் போணும்னு தோணலையே, தூக்கம்லா வருது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போர் வேண்டாம் என்று இருக்கிற ஜனங்களை ஒரு தலைவர் பேசியே சம்மதிக்க வைத்துவிட முடியுமா? முடியும் என்றால் அது வித்தையா, ஏமாற்றா? சர்ச்சிலும் ஹிட்லரின் பிரச்சார மந்திரி கோயபல்ஸும் செய்தது ஒன்றுதானா? அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

(பெயர் வேண்டாம்)
பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். நீங்கள் போட்டுக் காட்டிய ஒலிப்பதிவு 1940-ல் பதிவானதே இல்லை. ஜூன் 4 அன்று சர்ச்சில் பேசியது பாராளுமன்றத்துக்குள். அது வானொலியில் போகவில்லை. அன்று இரவு பிபிசி செய்தியில் வாசிப்பாளர் ஒருவர் அதிலிருந்து சில பகுதிகளைப் படித்தார், அவ்வளவுதான். இன்று நாம் கேட்கும் குரல், போரெல்லாம் முடிந்து 1949-ல் சர்ச்சில் உட்கார்ந்து பேசிப் பதிந்து கொடுத்தது. ஜெயித்து முடித்த, எழுபதைத் தாண்டிய ஒருவரின் குரல். தூக்கம் வராமல் என்ன செய்யும்?

ஆகவே 'அந்தக் குரலைக் கேட்டு நாடு எழுந்தது' என்பதை அந்த நாளைப் பொறுத்தவரை விட்டுவிடலாம். குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எழுத்து. எழுத்துக்குள் என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் களக்காட்டுக்குக் கிழக்கே. எனக்குப் பதினோரு, பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு வருஷம் மழை சுத்தமாகப் பொய்த்துவிட்டது. குளம் வெடித்துக் கிடந்தது. அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்க யாருக்கும் மனசில்லை. ஊர்க்கூட்டத்தில் 'இந்த வருசம் கொடை வேண்டாம்' என்று ஒரே வாயாகச் சொல்லிவிடுவது என்று டீக்கடையிலேயே பேசி வைத்துக்கொண்டுதான் எல்லாரும் போனார்கள். நானும் மாமாவோடு போனேன்.

தர்மகர்த்தா எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். "மழ இல்ல. கெணத்துல வாளி தட்டுது. எங்க வீட்டுக் குலுக்கையிலயே நெல்லு இல்ல. இதுல யாருட்ட போயி நான் தலக்கட்டு வரி கேக்க?" என்றார். கூட்டம் திகைத்துவிட்டது. அவர்கள் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே, "அதனால மூணு நாளு வேண்டாம். ஒத்த நாளு. வில்லு ஒண்ணு, மேளம் ஒரு செட்டு. செவ்வாக்கெழம வச்சுக்கிடுவமா, வெள்ளிக்கெழமயா?" என்றார்.

அவ்வளவுதான். செவ்வாயா வெள்ளியா என்று அரை மணி நேரம் சண்டை. வெள்ளிக்கிழமை வில்லுப்பாட்டுக்காரர் கிடைக்க மாட்டார் என்றார் ஒருத்தர். செவ்வாய்தான் அம்மனுக்கு உகந்தது என்றார் இன்னொருத்தர். செவ்வாய் என்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் மாமா டக்கென்று நின்று, பக்கத்தில் வந்தவரிடம் கேட்டார்: "ஏ வே, நாம வேண்டாம்னு சொல்லத்தான வே போனோம்?"

இப்போது சர்ச்சிலிடம் வருவோம். 1940 மே கடைசியில் பிரிட்டிஷ் போர் அமைச்சரவைக்குள்ளேயே ஒரு கேள்வி நிஜமாக உட்கார்ந்திருந்தது: இத்தாலியை இடையில் வைத்துச் சமாதானம் பேசிப் பார்க்கலாமா? வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் அந்தப் பக்கம் சாய்ந்தார். வெளியே ஜனங்களும் போருக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. 1938-ல் அப்போதைய பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கில் ஹிட்லரோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பியபோது தெருவில் நின்று வாழ்த்தியவர்கள். முதல் உலகப் போரில் செத்தவர்களின் படங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு வாரம் கழித்து வந்த அந்தப் பேச்சில் 'போரிடலாமா?' என்ற கேள்வியே கிடையாது. எங்கே போரிடுவோம் என்ற பட்டியல்தான் உண்டு: கடற்கரையில், விமானம் இறங்கும் இடங்களில், வயலில், தெருவில், மலையில். இது எங்கள் தர்மகர்த்தாவின் செவ்வாயா வெள்ளியாதான். கேட்பவன் மனசு தெருவுக்கும் மலைக்கும் நடுவே அலையும்போது, முதல் கேள்வி எப்போது கடந்து போனது என்று அவனுக்கே தெரியாது.

அதற்கு முன்னால் அந்தத் துண்டை மாற்றிப் போட்ட பகுதியும் இருக்கிறது. எல்லாரும் கடைசி வரிகளையே மேற்கோள் காட்டுவதால் அது கண்ணில் படுவதில்லை. பேச்சின் பெரும்பகுதி தோல்வியின் கணக்கு. 30,000 பேருக்கு மேல் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். ஏறக்குறைய 1,000 பீரங்கிகள் போயின. பிரான்ஸில் டன்கர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படையாட்களை மீட்டதை நாடு திருவிழாவாகக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, தப்பி வருவதால் போர்கள் ஜெயிக்கப்படுவதில்லை என்று அவரே தண்ணீர் ஊற்றுகிறார். கேட்பவன் பயந்து மனசுக்குள் வைத்திருந்ததை எல்லாம் அவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்.

இந்த வேலையை இன்னும் நைசாகச் செய்தவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் தயக்கம் இன்னும் கெட்டி. 1940 தேர்தல் நேரம், அக்டோபர் 30 அன்று பாஸ்டனில், "உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள்" என்று வாக்குக் கொடுத்தார். 'நாம் தாக்கப்பட்டால் ஒழிய' என்று ஒரு வால் அதில் இருக்க வேண்டும், கட்சி அறிக்கையில் இருந்தது. பாஸ்டனில் அந்த வாலை அறுத்துவிட்டார். ஜெயித்த பிறகு, டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்களிடம் ஒரு கதை சொன்னார். பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது, என்னிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் இருக்கிறது. "இது 15 டாலர், காசை வைத்துவிட்டு எடு" என்றா சொல்வேன்? தீ அணைந்ததும் ஹோஸைத் திருப்பிக் கொடுத்தால் போதும்! பிரிட்டனுக்கு ஆயுதம் 'இரவல்' கொடுக்கும் சட்டத்துக்கு அதுதான் அச்சாரம். 1941 மார்ச்சில் சட்டம் ஆகிவிட்டது.

ஹோஸ் பைப்பை வைத்து எவன் சண்டை போடுவான்? செனட்டர் ராபர்ட் டாஃப்ட் மட்டும் பிடித்தார். ஆயுதத்தை இரவல் கொடுப்பது சூயிங்கம்மை இரவல் கொடுப்பது மாதிரி, மென்றதைத் திருப்பி வாங்க யாருக்கும் மனசு வராது என்றார். அருமையான பதில். ஆனால் தீப்பிடித்த வீட்டுக்கு முன்னால் சூயிங்கம் எடுபடவில்லை. அந்த உவமைக்குள் போய்விட்ட எவனும் 'வீடு எரிகிறதே, நாம் தலையிடலாமா?' என்று கேட்க மாட்டான்.

இன்னொரு விஷயம், கையில் வேலை கொடுப்பது. 1942 பிப்ரவரி 23 வானொலிப் பேச்சுக்கு முன்னால், எல்லாரும் உலக வரைபடம் ஒன்றை எதிரே விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று ரூஸ்வெல்ட் சொல்லியனுப்பினார். கடைகளில் வரைபடம் தீர்ந்துபோனது. பசிபிக் கடலில் ஒரு தீவை விரலால் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு அந்தத் தீவு கொஞ்சம் சொந்தமாகிவிடும்.

இதன் ருசி எனக்குத் தெரியும். 1965 பாகிஸ்தான் போரின்போது எனக்கு எட்டு வயது. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சூடே நடந்திருந்தது. டெல்லி மேல் யாருக்கும் பிரியம் வழிந்துகொண்டிருக்கவில்லை. உணவுப் பஞ்சம் வேறு. சாஸ்திரி ஒன்றே ஒன்று கேட்டார்: வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள். திங்கள்கிழமை ராத்திரி என்று நாடு முழுக்க ஆனது. எங்கள் ஆச்சிக்கு காஷ்மீர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் திங்கள்கிழமை என்றால் அவளுக்குச் சோமவாரம். "வெரதந்தான, இருந்தாப் போச்சு" என்று அடுப்பை மூட்டவில்லை. நான் நடுராத்திரி பசி தாங்காமல் அடுக்களைக்குள் போய் நீத்தண்ணியில் கையை விட்டபோது இருட்டுக்குள்ளிருந்து, "அங்க பட்டாளத்துக்காரன் பட்டினி கெடக்கான், ஒனக்கு என்னல கேடு?" என்று குரல். மூன்று திங்கள்கிழமை பட்டினி கிடந்த பிறகு ஆச்சி, டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வருகிற எல்லாரிடமும் "சண்ட என்னாச்சு?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். முதலில் வயிறுதான் போருக்குப் போனது. மனசு பின்னால் போய்ச் சேர்ந்தது.

சரி, கோயபல்ஸ். 1943 பிப்ரவரி 18, ஸ்டாலின்கிராடில் ஜெர்மனி தோற்ற சில நாட்களில், பெர்லின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் "உங்களுக்கு முழுப் போர் வேண்டுமா?" என்று கேட்டார். கூட்டம் 'வேண்டும்' என்று கத்தியது. அவரும் நிலைமை மோசம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். ஆகவே கசப்பை முதலில் சொல்பவரெல்லாம் யோக்கியர் என்று நாம் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. வித்தை ஒன்றேதான், தம்பி. ஆனால் அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவரும் பொறுக்கி எடுத்து உட்கார வைக்கப்பட்டவர். 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஆள் உள்ளே ஒருவரும் இல்லை. சர்ச்சில் மீது போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1942 ஜூலையில், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 475-க்கு 25 என்று தோற்றது, ஆனால் வந்தது. 25 பேர் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

சர்ச்சிலைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர்கள் பேசிச் சம்மதிக்க வைத்தது அவர்கள் ஜனங்களைத்தான். நம்மை யாரும் கேட்கவே இல்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியா போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். கதை முடிந்தது. அதைக் கண்டித்துத்தான் ராஜாஜி உட்பட காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகின.

எதிர்க்குரலை என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். "நம்மைப் போரிலிருந்து காப்பாற்றியவர்" என்ற கோஷத்தில் 1916-ல் ஜெயித்த அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன், 1917 ஏப்ரல் 2 அன்று, ஜனநாயகத்துக்கு உலகைப் பாதுகாப்பானதாக ஆக்க வேண்டும் என்று போர் கேட்டார். சினிமாக் கொட்டகையில் ரீல் மாற்றும் நாலு நிமிஷத்தில் எழுந்து போருக்காகப் பேசிவிட்டு உட்கார, நாடு முழுக்க 75,000 பேச்சாளர்கள் இருந்தார்கள். அதே நாட்டில் 1918 ஜூனில் ஒரே ஒரு பேச்சில் போரை எதிர்த்த சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருஷம் சிறை. 75,000 பேர் ஒரு பக்கம் பேச, மறுபக்கம் ஒருத்தர் பேசினால் பொறுக்கவில்லை.

இது நமக்குப் புதிசா? 1908 மார்ச் 9 அன்று தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். மூன்றாம் நாள் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொதித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே, பேசியதற்கு இருபது வருஷம், சிவா பேச உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது வருஷம் என்று வ.உ.சி.க்குத் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும், நாற்பது வருஷம் போடும் அளவுக்கு ஒரு பேச்சைக் கண்டு பயந்திருக்கிறார்கள். பேச்சுக்கு ஆட்களை அசைக்கும் சக்தி உண்டா என்று உங்கள் பையன் கேட்டால், மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பஸ் பிடித்தால் கால் மணி நேரம்.

இன்னொன்று விட்டுப்போகப் பார்த்தது. உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு ஒன்றரை வருஷம் ஆவதற்குள், 1801 பிப்ரவரியில், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார் அவர் தம்பி ஊமைத்துரை. தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. மே 24 வரை கும்பினிப் படையால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவருக்குப் பேச்சு வராது. எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்: இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை அடுக்குவாராம், அது வெள்ளைக்காரப் படை. வலது கையை அதன்மேல் ஒரே வீச்சாக வீசித் தள்ளி, வாயால் காற்று சீறுகிற மாதிரி ஒரு சத்தம். அதுதான் தாக்குவதற்கு உத்தரவு. ஆட்கள் பறந்துகொண்டு போவார்களாம்.

அடுத்த வகுப்பில் ஸ்பீக்கரை ஓரமாக வைத்துவிட்டு இதைச் செய்து காட்டுங்கள். வைக்கோல் இல்லையென்றால் சாக்பீஸ் துண்டு போதும். கடைசி பெஞ்சுக்காரன் என்ன சொல்கிறான் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி