குதிரையோடு புதைத்த துரை: எங்கே தேடுவது?

பரங்கிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘எங்கள் தெருவுக்குப் பின்னால் பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டம். அதில் ஒரு கேப்டன் துரையைக் குதிரைமேல் உட்கார்ந்தபடியே புதைத்தார்களாம், அதனால்தான் கல்லறைக் கூம்பு அவ்வளவு உயரம் என்பார் பாட்டி. கல்லில் 1824 என்று இருக்கிறது. அடக்கப் பதிவேட்டு நகல் வாங்கித் தர ஒருவர் பன்னிரண்டாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?’

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களைப் பற்றிய ‘ஃபிபிஸ்’ சங்கத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடுவது இலவசம். அங்கே கிடைக்கும் ஒரு வரியை அச்சடித்து, முத்திரை குத்தி ‘சான்றிதழ்’ என்று விற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உயரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி, சட்டக் கல்லூரிப் பக்கம் ஒரு உயரமான கூம்புக் கல்லறை நிற்கிறது. 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மருக்கும், ஆளுநர் எலைஹு யேலின் மகன் டேவிட்டுக்கும் உரியது. டேவிட் சின்னக் குழந்தை. அவனுக்கு எந்தக் குதிரை?

சரி, தேவாலயத்து அடக்கப் பதிவேட்டில் பெயர், பதவி, தேதி கிடைக்கும். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்கு வேறு காகிதம் உண்டு. இறந்த அதிகாரியின் சாமான்களை ஏலம் விட்டுக் கடனை அடைப்பது கம்பெனிக் காலத்து வழக்கம். அந்தப் பட்டியல்கள் பல லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சேணம், நாற்காலி, மது பாட்டில், குதிரை என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள். குதிரை ஏலத்தில் போயிருந்தால் பாட்டி கதை அங்கேயே முடிந்தது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கல் இருக்கும் இடத்தில்தான் உடல் இருக்கும் என்பதில்லை. அந்தச் சட்டக் கல்லூரி இடம்தான் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. 1758-59-ல் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை அங்கிருந்த கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டது. அப்புறம் ஆங்கிலேயர் அவற்றில் பெரும்பாலானவற்றை இடித்து, எழுத்துக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். அந்தக் கற்களுக்கு அடியில் யாரும் இல்லை. உங்கள் கூம்பிலும் கல் பிறகு கொண்டுவந்து பதித்ததா என்று அறிய, அதன் ஓரச் சுண்ணாம்பு தனியாகத் தெரிகிறதா என்று காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். எழுத்தைப் படிக்க எண்ணெயோ சாக்பீஸோ தடவ வேண்டாம்.

உள்ளூர்ப் பதிவேட்டைப் பார்க்க இங்கே கடிதம், அங்கே கடிதம் என்று அலையவிடுவார்கள். ஒரு பக்கத்துக்காக ஒரே அலுவலகத்துக்கு நான் நான்கு முறை போனேன். அதற்குள் பாதிப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. இப்படி விட்டுவைத்தால் தரகர் பிழைக்காமல் என்ன செய்வார்? அந்தக் காலத்திலேயே பதிவேட்டுக்கு ஒரு நகல் லண்டனுக்குப் போயிருக்கிறது. கல்லில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு அந்த பிரிட்டிஷ் நூலகத்திலேயே கேளுங்கள்.