களரிக்கு அனுப்பினா பையனுக்குக் கோபம் கூடுமா? – அடிமுறை (குமரி மாவட்டத் தற்காப்புக் கலை) கேள்வி பதில்

மார்த்தாண்டம், ஒரு அம்மா: ஆசானே, எனக்க மகனுக்கு 13 வயசு. தொட்டதுக்கெல்லாம் கை நீட்டுறான். களரியில விட்டா இன்னும் மோசமாயிருவானோ?

பதில்: சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பொறுத்தது, அம்மா. அமெரிக்காவில் டிரல்சன் என்பவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 17 வயது அடாவடிப் பையன்கள் ஆறு மாதம் பயிற்சி எடுத்தார்கள். வணக்கமும் தியானமும் சேர்த்து மரபுப்படி டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைக் கற்றவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டையை மட்டும் கற்றவர்களிடம் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வகுப்பைத் தேர்வு செய்ய உதவும். சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வந்த பிள்ளைகளை முதல் மாதமே மோத விட்டால் அந்த இடம் வேண்டாம். வீட்டில் பொருளை உடைப்பது, தன்னையே காயப்படுத்துவது என்று இருந்தால் களரி மட்டும் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள்.

தக்கலை, பிளஸ் ஒன் மாணவன்: மூணு மாசமா ஒற்றைச்சுவடுதான் (தனியா செய்யுற காலடிப் பயிற்சி). எப்ப அடிக்க விடுவாங்க ஆசானே?

பதில்: மக்கா, அந்தச் சுவட்டில்தான் அடியும் தடையும் இருக்கிறது. கோபம் வந்ததும் தோள் இறுகும், உடம்பு முன்னால் சாயும், காலடி தப்பும். எதிராளி லேசாக இழுத்தாலே விழுவாய். மூச்சு வாங்கும்போதும் நாலு திசைக்கும் வரிசை தப்பாமல் திரும்ப வருகிறதா என்று பார். பிறகு எதிராளியோடு செய்யும் கூட்டச்சுவட்டில், பாதி வேகத்தில், அடியை எதிராளி உடம்புக்கு நாலு விரல் முன்னால் நிறுத்து. பத்தில் ஒன்று பட்டாலும் வேகத்தை இன்னும் குறை. அடியை நிறுத்தும் இந்தப் பழக்கம்தான் பள்ளிக்கூட வாசலில் உனக்கு உதவும்.

கொல்லங்கோடு: யூடியூப் பார்த்து வர்ம அடி படிக்கலாமா?

பதில்: கூடாது. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96 என்பார்கள். அதை ஆசான்மார் கடைசியில்தான், சீடனின் குணம் பார்த்து, வர்ம அடி பட்டவரைத் தெளிய வைக்கும் இளக்குமுறையோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

குழித்துறை, ஒரு அப்பா: கம்பு தலையில பட்டுது. மறுநாள் அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். தலைவலி, வாந்தி, குழப்பம், மயக்கம் இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி எல்லாம் போய், டாக்டர் சரி என்ற பிறகே ஜோடிப் பயிற்சி.

நாகர்கோவில்: மகளுக்குப் பரீட்சைப் பயம். சிலம்பம் உதவுமா?

பதில்: உதவும். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் போதும்; கம்பு நெற்றி உயரம் இருக்கட்டும். ராத்திரி வகுப்பு வேண்டாம், தூக்கம் கெடலாம். பதின்ம வயதுக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.