தலையில் மாட்டும் திரையும் சாரத்தில் ஏறும் காலும்: கேள்வி பதில்

கட்டட வேலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வி.ஆர். கருவி (தலையில் மாட்டினால் வேறோர் இடத்தில் நிற்பதுபோலவே காட்டும் மெய்நிகர்த் திரை) உதவுமா என்று டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, அப்பயிற்சியை நடத்திவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கும்பகோணம், மேஸ்திரி: முப்பது வருடமாகச் சாரம் கட்டுகிறேன். கண்ணாடி மாட்டிப் படம் பார்ப்பதால் என் ஆட்களுக்குப் புதிதாக என்ன தெரியப்போகிறது?

ஐயா, கயிற்று முடிச்சை அவர்கள் உங்களிடம்தான் கற்க வேண்டும். அந்தக் கைத்திறனை எந்தத் திரையும் தராது. ஆனால் தவறு செய்து பார்க்கும் வாய்ப்பை உங்களால் கொடுக்க முடியாது. பத்தடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட ஏறத்தாழ முக்கால் வினாடிதான் ஆகிறது. அதற்குள் எதையும் எட்டிப் பிடிக்க இயலாது என்பதை வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். திரைக்குள் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் அடியெடுத்து வைப்பவர் அதைத் தாமே கண்டுகொள்கிறார். நாங்கள் தரையில் மெய்யான பலகை ஒன்றைப் போட்டு, சற்றே ஆடும்படி அடியில் துணி மடித்து வைத்து, அதன்மேல் நடக்கச் சொல்வோம். பலகை தரையிலிருந்து இரண்டங்குலம்தான் என்று அறிந்திருந்தும், கண்முன்னே நாற்பதடிப் பள்ளம் தெரிந்ததும் கால்விரல்களால் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்ட மூத்த கொத்தனாரை நான் பார்த்திருக்கிறேன்.

மன்னார்குடி, ஒப்பந்ததாரர்: விற்பனைக்கு வரும் பயிற்சிகள் அடுக்குமாடிகளையே காட்டுகின்றன. எங்கள் வேலையோ வீடு, மண்டபம், மதகு. பொருந்துமா?

அப்படியே வாங்கினால் பொருந்தாது. நம் பகுதியில் நான் மிகவும் அஞ்சுவது உயரத்தைவிட, அஸ்திவாரத்துக்காக வானம் தோண்டிய குழியைத்தான். வண்டலும் களியும் கலந்த மண், காய்ந்திருக்கும்போது சுவர் போல நிற்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினாலோ, ஐப்பசி மழை பிடித்தாலோ, அடியில் ஊற்றெடுத்து, முதல்நாள் மாலை நின்ற பக்கம் மறுநாள் காலை சரிந்துவிடும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பளவு புதைந்தவர் தலை வெளியே இருந்தும் மூச்சை உள்ளிழுக்க முடியாமல் போகலாம். ஒன்றரை மீட்டருக்குமேல் ஆழம் போனால் குழியின் பக்கங்கள் சரியாதபடி பலகையும் முட்டும் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் ஒருசேரப் பிடிக்கும் 360 டிகிரி கேமரா ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ உங்கள் தளத்திலேயே படம்பிடியுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருப்பது, விளிம்புக்கு இணையாக ஓடும் மெல்லிய வெடிப்பு, பக்கவாட்டில் கசியும் ஈரம், ஏணி இல்லாத குழி ஆகிய நான்கையும் ஆட்கள் தாமே தலையைத் திருப்பித் தேடிக் கண்டுபிடிக்கட்டும். படம்பிடிக்கும் குழியில் மட்டும் யாரையும் இறக்காதீர்கள்.

மயிலாடுதுறை, தொழிற்சங்கப் பொறுப்பாளர்: சித்தாள் பெண்கள் பலர் தலைசுற்றுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள்.

அம்மா, அது அவர்களுடைய பயம் அன்று. கண் ‘நகர்கிறாய்’ என்கிறது, காதின் உட்பகுதி ‘இல்லை’ என்கிறது. அந்த முரண்பாட்டால் குமட்டுகிறது. கைப்பிடிப் பொத்தானால் நகரும் காட்சிகளைத் தவிர்த்து, சொந்தக் காலால் நடக்கும் காட்சிகளை மட்டும் கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கொண்டையின்மேல் பட்டை சரியாக உட்காராமல் கருவி கீழே நழுவினால் காட்சி மங்கி, அதனாலேயே தலைவலி வரும். கொண்டையைத் தாழ்த்திப் போட்டு, பட்டையை அதற்குமேல் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவர்களை வேடிக்கை பார்ப்பவர்களாக ஒதுக்கிவிடாதீர்கள். மேலிருந்து செங்கல் தவறினால் கீழே கலவைச் சட்டியோடு நிற்பவர்கள் அவர்கள்தான்.

நாகப்பட்டினம், பயிற்றுநர்: வடமாநிலத் தொழிலாளருக்கு?

திரையில் வரும் எழுத்தை விட்டுவிட்டு, அவரவர் மொழிக் குரலைச் சேருங்கள். அந்த மொழி பேசும் மூத்த தொழிலாளி ஒருவரையே பேசவைத்தால் நல்லது.

திருவாரூர், தளப் பொறியாளர்: பயிற்சி முடித்ததற்குக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமல்லவா?

போதாது. ஒரு தளத்தில் திரைப் பயிற்சியை நன்றாக முடித்த இளைஞர், அன்று மாலையே பெல்ட்டை அணிந்துகொண்டு, கொக்கி கையில் தொங்க, சாரத்தில் நின்றார். ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். “எதில் மாட்டுவது, சார்?” என்றார். சுற்றிப் பார்த்தேன், கழன்று வரக்கூடிய சவுக்குக் கம்பைத் தவிர அங்கே எதுவும் இல்லை. கருவி வாங்குவதற்கு முன், கொக்கியை மாட்ட, தலைக்கு மேலே தூணில் இறுகக் கட்டிய உயிர்க்கயிறு உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.