சிலந்திக்கடியும் கல்லீரல் நோயும்: கேள்வி பதில்

கேள்வி: சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி நலியும் நோய்) உள்ள என் தந்தைக்குக் கெண்டைக்காலில் திடீரென்று சிவந்த வீக்கம். சிலந்தி கடித்திருக்குமா?

பதில்: சிலந்தியைக் கண்ணால் பார்த்தவர் உண்டா? சிலந்திக்கடி என்று சொல்லப்படுபவற்றில் பல, உண்மையில் தோலில் ஏற்பட்ட பாக்டீரியத் தொற்றுகளே. ரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டும் வேலையில் நலிந்த கல்லீரல் பின்தங்கிவிடுவதால், சிறிய சீழ்க்கட்டியும் செப்சிஸாக (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) முற்றக்கூடும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ மனக்குழப்பமோ இருந்தால் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள்.

கேள்வி: லோக்சோசெலிஸ் சிலந்தி கடித்தால் சிவப்பணுக்கள் உடையுமாமே. ஏற்கெனவே மஞ்சள் காமாலை உள்ளவரிடம் அதை எப்படி அறிவது?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. அதன் நஞ்சிலுள்ள ஸ்பிங்கோமைலினேஸ் டி என்னும் நொதி தோலை அழுகச் செய்வதோடு, சிலருக்குச் சில நாட்களுக்குள் சிவப்பணுக்களையும் உடைக்கிறது. பிலிரூபின் (சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி) ஏறுவதும் ஹாப்டோகுளோபின் (உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ரத்தப் புரதம்) இறங்குவதும் அதற்கான வழக்கமான தடயங்கள். முற்றிய சிரோசிஸில் பிலிரூபின் முன்பே ஏறியிருக்கும். ஹாப்டோகுளோபினைத் தயாரிப்பதே கல்லீரல் என்பதால் அதுவும் முன்பே குறைந்திருக்கும். தட்டணுக் குறைவும் ரத்தம் உறையத் தாமதமாவதும் அப்படியே. ஆகவே ஹீமோகுளோபின் பழைய அளவிலிருந்து சரிகிறதா, சோதனைப் பட்டையை நனைத்தால் ரத்தம் காட்டும் சிறுநீரில் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் காணப்படவில்லையா என்பவற்றையே கவனிக்க வேண்டும். உடைந்த அணுக்களின் கழிவு சிறுநீரகத்தையும் முடக்கலாம் என்பதால் தாமதம் கூடாது. பழைய பரிசோதனை முடிவுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வலிக்குப் பாராசிட்டமால் கல்லீரலுக்கு நஞ்சு, இபுப்ரோஃபென்தானே பாதுகாப்பு?

பதில்: இல்லை. சிரோசிஸில் இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கும், ரத்தக்கசிவையும் தூண்டும். மருத்துவர் அனுமதித்தால், நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகாத பாராசிட்டமாலைக் குறுகிய காலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை. பாராசிட்டமாலால் கல்லீரல் செயலிழந்தவர்கள் இருக்கிறார்களே!

பதில்: இருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் அளவை மீறியவர்கள். நான் சொன்னதில் அளவும் மருத்துவரின் அனுமதியும் உண்டு, அவற்றை விட்டுவிட்டு வாதாட வேண்டாம்.

கேள்வி: கருப்பு விதவைச் சிலந்தியின் கடிக்கும் இதே ஆபத்துகளா?

பதில்: இல்லை, அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தசைப்பிடிப்பைத் தருவது. அதைத் தணிக்கத் தரும் அபின் வகை மருந்துகளும் டயஸெபாமும், முற்றிய கல்லீரல் நோயில் மயக்கத்தையும் குழப்பத்தையும் கிளப்பக்கூடும். நோயை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: படம் இணைத்துள்ளேன். இது சிலந்திக்கடிதானா?

பதில்: சிலந்தியைப் பார்த்தீர்களா? முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் பூனையைச் சிலந்தி கடித்துவிட்டது.

பதில்: கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.