பச்சை விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை: கீபேடு லாக்கில் குறை எங்கே?

கேள்வி: எங்கள் அலுவலக வாசலில் எண் அழுத்தித் திறக்கும் கீபேடு லாக் இருக்கிறது. நிலைச்சட்டத்தில் பொருத்தியது 12 வோல்ட் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக், அதாவது கரண்ட் வந்ததும் தாழ்ப்பாள் நாக்கை விடுவிக்கும் பாகம். பவர் சப்ளையும் பேட்டரியும் இருக்கும் பெட்டி உள்ளே சுமார் 25 மீட்டர் தள்ளி உள்ளது. இடையில் நெட்வொர்க் கேபிள் ஓடுகிறது. சில மாதங்களாக, எண்ணை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்து ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. அதே நொடியில் கீபேடு அணைந்து, புதிதாகக் கரண்ட் கொடுத்ததுபோல ‘பீப்’ அடித்து மறுபடி எழுகிறது. கதவு திறப்பதில்லை. மூன்றாவது, நான்காவது முயற்சியில் திறக்கிறது. உள்ளே இருக்கும் எக்ஸிட் பட்டனை அழுத்தினாலும் இதே கதைதான். கீபேடை இரண்டு முறை மாற்றிவிட்டோம். இன்னொரு முறை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. எக்ஸிட் பட்டனை அழுத்தினாலும் அதே கோளாறு என்கிறீர்கள் அல்லவா, அங்கேயே எண் பட்டன்கள் மீதான சந்தேகம் தீர்ந்துவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது என்றால் எண்ணையும் கீபேடு சரியாகவே படித்திருக்கிறது. ‘டிக்’ என்பது ரிலே, அதாவது கீபேடின் கட்டளைப்படி லாக்குக்குக் கரண்டை இணைத்து விடும் சுவிட்ச், வேலை செய்த சத்தம். ஆக, மூளை சரியாக இருக்கிறது, கட்டளையும் போயிருக்கிறது. லாக், அதாவது அந்த ஸ்ட்ரைக், கரண்டை இழுக்கத் தொடங்கிய கணத்தில்தான் எல்லாம் சரிகிறது. இது பெரும்பாலும் வோல்டேஜ் விழும் பிரச்சினை. மூன்றாவது கீபேடும் அதே ஒயரில்தானே தொங்கப்போகிறது?

சோதிக்கத் தொடங்கும் முன் ஒரு காரியம். கதவைத் திறந்து வைத்து, மூடிவிடாதபடி கீழே ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுங்கள். வேறு வழியில்லாத வாசல் என்றால் சாவியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லாக் வேலை பார்க்கப் போய் வெளியே மாட்டிக்கொண்டவர்கள் வரிசையில் நானும் உண்டு. பவர் சப்ளை பெட்டியில் மெயின் லைன் வரும் பக்கத்தைத் தொடவே வேண்டாம். நமக்கு வேண்டியதெல்லாம் 12 வோல்ட் வெளிவரும் பக்கம் மட்டுமே.

முதல் சோதனைக்கு மீட்டர்கூடத் தேவையில்லை. கீபேடின் ரிலே டெர்மினலில் இருந்து லாக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். இப்போது எண்ணை அழுத்துங்கள். கீபேடு அணையாமல், ரிலே ‘டிக்’ என்று போய், சில விநாடி கழித்து இன்னொரு ‘டிக்’ என்று திரும்பினால் கீபேடு நிரபராதி. லாக் இல்லாமலும் அணைந்து எழுந்தால் மட்டுமே அதைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் அதற்கு வரும் சப்ளை ஒயரின் ஸ்க்ரூவை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பல எலக்ட்ரீஷியன்கள் கவனிப்பதில்லை. கீபேடு எந்த ‘டிக்’கில் அணைகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். முதல் ‘டிக்’கில், அதாவது லாக் இழுக்கும்போது அணைந்தால் அது வோல்டேஜ் விழுவதால். இரண்டாவது ‘டிக்’கில், லாக்கை விடும்போது அணைந்தால் காரணம் வேறு. லாக்குக்குள் இருப்பது ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். அதில் ஓடும் கரண்டைச் சட்டென்று வெட்டினால், சேர்ந்திருந்த காந்த ஆற்றல் போக வழியில்லாமல் உயர் வோல்டேஜாகப் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையில் கீபேடின் சிப் குழம்பிப் போகும். நாள்பட்டால் ரிலேயின் முனைகளும் கருகும். அதற்கு மருந்து, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு சின்ன டயோடு. 1என்4007 என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். லாக்கின் இரண்டு ஒயர்களுக்குக் குறுக்கே, லாக்குக்குப் பக்கத்திலேயே, வெள்ளிக் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வரும்படி இணைக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் ரிலே மூடியதும் நேரே ஷார்ட் ஆகும். ஏசி-யில் ஓடும் பழைய வகை லாக் என்றால் டயோடு போடவே கூடாது; அதற்கு வேரிஸ்டர் என்ற பாகம் இருக்கிறது. சில லாக்குகளில் டயோடு உள்ளேயே வைத்து வருவதால் மேனுவலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது முதல் ‘டிக்’ வகை. சரி, வோல்டேஜ் எங்கே விழுகிறது?

நெட்வொர்க் கேபிளின் ஒரு செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.084 ஓம் தடை. கரண்ட் 25 மீட்டர் போய் 25 மீட்டர் திரும்பி வர வேண்டும். 50 மீட்டருக்கு 4.2 ஓம். உங்கள் ஸ்ட்ரைக் அரை ஆம்பியர் இழுக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் காயில் 24 ஓம். இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதால், பெட்டியில் முழுசாக 12 வோல்ட் இருந்தாலும் 1.8 வோல்ட்டை ஒயரே தின்றுவிடும். லாக்குக்குக் கிடைப்பது 10.2. பெட்டியிலேயே 11 வோல்ட்தான் என்றால் லாக்குக்கு 9.4 வோல்ட்கூடத் தேறாது. கேபிள் சுத்தச் செம்பாக இல்லாமல் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். நெட்வொர்க் கேபிள் தரவு கடத்தப் பிறந்தது. காயிலை இழுக்க அல்ல.

இதில் கீபேடும் அதே ஜோடிக் கம்பியில் கரண்ட் எடுத்தால் ஒரு சுழல் தொடங்கும். ரிலே மூடும், லாக் இழுக்கும், வோல்டேஜ் சரியும், சரிந்ததும் கீபேடின் சிப் தன்னை ரீசெட் செய்யும், ரிலே விடும், லாக்கும் விடும், வோல்டேஜ் மேலே வரும், கீபேடு ‘பீப்’ என்று கண் விழிக்கும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். இத்தனையும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுவதால் பார்ப்பவருக்குக் கீபேடு பைத்தியம் பிடித்ததுபோலத் தெரிகிறது.

ஊகம் போதும், அளந்து பாருங்கள். லாக் ஒயரை மறுபடி இணைத்துவிட்டு, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். லாக் சும்மா இருக்கும்போது பெட்டியின் வெளியீட்டில் எவ்வளவு. லாக் இழுக்கும்போது அதே இடத்தில் எவ்வளவு. லாக் இழுக்கும்போது லாக்கின் முனையிலேயே எவ்வளவு. இரண்டாவதும் மூன்றாவதும்தான் முக்கியம். சுமை இல்லாமல் அளந்து “12 வோல்ட் வருதே” என்று திருப்தியோடு கிளம்பிப் போவதால்தான் பாவம் கீபேடுகள் பலியாகின்றன. திறக்கும் நேரத்தைக் கீபேடின் செட்டிங்கில் பத்து விநாடியாகக் கூட்டிவிட்டால் அளக்க வசதி. கீபேடு இடையிலேயே செத்து செத்துப் பிழைத்தால் ரிலேயின் காமன் (பொது முனை), என்ஓ (ரிலே வேலை செய்யும்போது மட்டும் காமனோடு சேரும் முனை) இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, லாக்கைத் தொடர்ந்து இழுக்க வைத்து அளக்கலாம். எந்த முனைகள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் பெரிய வித்தியாசம் என்றால் கோளாறு பெட்டிக்குள். சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரியைச் சார்ஜில் வைத்திருக்கும் பெட்டியில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். அந்தப் பேட்டரிக்குள் ஆறு செல்கள். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மொத்தப் பெட்டியையும் 11 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பேட்டரியின் சிவப்பு ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, மெயின் கரண்டில் மட்டும் லாக்கை ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றவாளி பேட்டரி. “சில மாதங்களாக” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒயரின் நீளம் சில மாதங்களில் கூடியிருக்காது. மெலிந்த ஒயரை இத்தனை நாள் ஒரு நல்ல பேட்டரி தாங்கிக்கொண்டிருந்து, இப்போது அதற்கு வயதாகிவிட்டிருக்கும் என்பதே என் கணிப்பு. இந்த வகைப் பேட்டரிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வெயில் படும் சுவரிலோ சூடான பெட்டியிலோ இருந்தால் அதற்கும் குறைவு. மேலே ஒட்டிய தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது எண் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் விழுந்தால் ஒயர், இணைப்பு, ரிலே இந்த மூன்றில் ஒன்று. ரிலேயைத் தனியே சோதிக்க எளிய வழி உண்டு: லாக் இழுத்துக்கொண்டிருக்கும்போது காமனுக்கும் என்ஓவுக்கும் இடையில் வோல்டேஜ் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் முனைகள் கருகிவிட்டன என்று பொருள். இணைப்புகளை ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பாருங்கள். நான் ஒருமுறை ஒரு கதவோடு அரை நாள் மல்லுக்கட்டிய பிறகு கண்டது, டெர்மினல் ஸ்க்ரூ ஒயரின் பிளாஸ்டிக் உறையின்மேல் இறுகியிருந்தது. செம்பில் பிடித்திருந்தது ஒரே ஒரு இழை. மீட்டரில் 12 வோல்ட் அழகாகக் காட்டியது. லாக் இழுத்ததும் ஐந்துக்கு இறங்கியது.

கரண்டை நிறுத்தி, லாக்கின் ஒயர்களைக் கழற்றி, காயிலின் ஓமையும் பார்த்துவிடுங்கள். அரை ஆம்பியர் லாக்குக்கு 24 ஓம் பக்கத்தில் வர வேண்டும். டயோடு குறுக்கே இருந்தால் மீட்டரின் இரண்டு புரோபுகளை இடம் மாற்றியும் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு, எட்டு ஓம் என்று வந்தால் காயிலின் சுற்றுகள் உள்ளே உருகி ஒட்டிவிட்டன. லாக்கை மாற்றத்தான் வேண்டும்.

ஒயர்தான் காரணம் என்று தெரிந்தால், லாக்குக்கு மட்டும் தனியாக 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுங்கள். பெட்டியின் பாசிட்டிவில் இருந்து ரிலேயின் காமனுக்கு, என்ஓவில் இருந்து லாக்குக்கு, லாக்கின் மறுமுனையில் இருந்து நேராகப் பெட்டியின் நெகட்டிவுக்கு. அதே 50 மீட்டருக்குத் தடை 0.9 ஓம் அளவுதான். விழுவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. கீபேடு பழைய கேபிளிலேயே இருக்கட்டும், அதற்கு வேண்டியது சொற்பக் கரண்ட். ஒயர் இழுக்க வழியே இல்லை என்றால், கேபிளில் சும்மா கிடக்கும் கம்பிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து முறுக்கி லாக்குக்குக் கொடுக்கலாம். இரண்டு சேர்ந்தால் தடை பாதியாகும். எனக்கு இது அரைமனதுதான், ஆனால் வேலை நடக்கும்.

மின்சாரமே சம்பந்தப்படாத ஒரு காரணத்தையும் பார்த்துவிடுங்கள். எண்ணை அழுத்தும்போது கதவை மூடும் திசையில் லேசாக அழுத்திப் பிடியுங்கள். அப்போது ஒவ்வொரு முறையும் திறந்தால், கதவு தொய்ந்து தாழ்ப்பாள் நாக்கு ஸ்ட்ரைக்கின் மேல் அழுந்தி நிற்கிறது. பல ஸ்ட்ரைக்குகள் அந்த அழுத்தத்தோடு விடுபடாது. கீலைச் சரிசெய்ய வேண்டியது தச்சர் வேலை.

கீபேடு வெளிச்சுவரில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிலே கீபேடுக்குள்ளேயே இருந்தால், அதைப் பெயர்த்து எடுத்து இரண்டு ஒயர்களைத் தொட வைக்கும் எவரும் எண் தெரியாமலே உள்ளே வரலாம். எப்படியும் ஒயர் வேலை செய்யப் போகிறீர்கள், ரிலே உள்ளே தனியாக இருக்கும்படியான கன்ட்ரோலராக மாற்றுவது பற்றி அப்போதே யோசியுங்கள். கீபேடுக்குப் போகும் ஒயர் மேலிருந்து நேராக இறங்காமல், ஒருமுறை கீழே தொங்கி மேலேறி நுழையட்டும். மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கனெக்டர் பச்சை பிடிக்காது.

எக்ஸிட் பட்டன் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கரண்ட் போனாலும் பூட்டியே நிற்கும் வகை ஸ்ட்ரைக் என்றால், உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியேற முடிகிறதா என்று இன்றே பாருங்கள். கைப்பிடி இல்லாமல் பட்டனை மட்டும் நம்பியிருக்கும் வாசல் என்றால், பட்டன் மூன்றாவது முறைதான் கேட்கிறது என்பது தொந்தரவு அல்ல, ஆபத்து. பழுது சரியாகும்வரை பகலில் அந்தக் கதவைப் பூட்டாமல் வைத்திருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கீபேடின் திறக்கும் நேரத்தைப் பழையபடி குறைத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் மட்டும் பத்து முறை கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பத்தாவது முறையும் லாக்கின் முனையில் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் பெட்டியை மூடிவிடலாம்.